நின்றுகொண்டே ஆடிய ஏழு-எட்டு

போன மாதம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போனோம். சேலைக்கடை என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் பெரியம்மா வராமல் எடுக்க மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்ததால் போனேன். மூன்று மாடிக் கடை. ஏசி இருந்தது, குடிக்க ஜூஸ் கொடுத்தார்கள். பட்டுப் பகுதியில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. கடைப் பெண்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு போட்டிருப்பார்கள். அந்த ஸ்டூலின் மேல் ஆள் உயரத்துக்குச் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் எங்களுக்குச் சேலை எடுத்துக் காட்டும் பெண் நின்றுகொண்டிருந்தாள். பேசிக்கொண்டே ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டாள்.

நான் ஸ்டூலைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்தேன். என் முகம் எப்படிப் போயிற்றோ, தங்கச்சி மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"பெரியம்மா, எதுக்கு இப்படி முறைக்கீங்க? அந்தச் சேச்சிக்குப் பேடியாவும்."

அந்தப் பெண் ஏன் என்னைக் கண்டு பயப்பட வேண்டும்? பஸ்ஸில் 'ஆள் இறங்கணும்' என்று சத்தம் கொடுக்க வராமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வந்தவள் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருடம். என்னைப் போன்றவர்களுக்குக் கோபம் வராது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வரும். உரிய நாளில் வராது, அவ்வளவுதான்.

பிரித்துப் போட்ட பட்டிலிருந்து கஞ்சியும் அட்டைப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை வந்தது. புதுச் சேலை வாசனை நல்லது என்பார்கள். எனக்கு அதை முகர்ந்தால் கெண்டைக்கால் வலிக்கும். இப்போதும் வலித்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் நான் வேலைக்குப் போனது பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு. அந்தக் கடை இப்போது இல்லை, பெயர் வேண்டாம். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு இந்த மலையாள ஊருக்கு வந்தவர். 'நிழலில் வேலை, அதிர்ஷ்டக்காரி' என்றார். வெயிலில் நின்றவருக்கு நிழல்தான் தெரியும். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் இரவு எட்டரைக்குத்தான் கால் நகரும். உட்காரக் கூடாது. ரேக்கில் சாயக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கேட்டுவிட்டுப் போக வேண்டும், கக்கூசுக்கும் அப்படியே. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டோம். வாசல் கண்ணாடிக்குள் சேலை கட்டி நின்ற பொம்மைகளுக்காவது முதுகில் முட்டுக்கம்பி இருந்தது. முதலாளி மட்டும் கீழே சுவாமி படத்துக்கு அடியில் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி கிறீச்சிடும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தை நின்றுகொண்டே கேட்போம்.

என் கவுண்டரில் இன்னொருத்தியும் இருந்தாள். அவள் பெயர் தங்கபுஷ்பம், எனக்கு ஒத்த வயது. பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். தம்பானூருக்குப் பின்னால் கடைக்காரர்கள் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக எடுத்துப் போட்டிருந்த ஹாஸ்டலில் அவளுக்கு ஒரு கட்டில். வேலை இருந்தால்தான் கட்டில். அவள் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்க முடியாமல் போய்விட்டதால் வீட்டில் வேலைக்குப் போகிறவள் இவள் ஒருத்திதான்.

ஏழு-எட்டு என்ற சீட்டாட்டம் அவளோடுதான் வந்தது. மலையில் மழை பிடித்தால் நாட்கணக்கில் விடாதாம். அப்போது லயத்தில் ஆணும் பெண்ணும் ஆடுவார்களாம். இரண்டே பேர் ஆடும் ஆட்டம். எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது அதில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஒரு சீட்டுக்கட்டில் எட்டுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். இருபத்தெட்டுச் சீட்டு மிஞ்சும். இரண்டு ஏழுகளை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சிவப்பு ஆட்டின் ஏழும் கறுப்பு இஸ்பேட் ஏழும். மொத்தம் முப்பது, ஆளுக்குப் பதினைந்து. முதலில் ஐந்து ஐந்தாகப் போட்டதும், சீட்டுப் போடாதவள் தன் ஐந்தைப் பார்த்துத் துருப்பு சொல்வாள். அதன் பிறகு மீதியைப் போட வேண்டும். ஒருத்தி ஒன்றை இறக்கினால் மற்றவள் அதே இனத்தில் இறக்க வேண்டும். அந்த இனம் கையில் இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம். பெரியதை இறக்கியவளுக்குப் பிடி. சீட்டுப் போட்டவள் ஏழு பிடி எடுக்க வேண்டும், துருப்பு சொன்னவள் எட்டு. அதனால்தான் இந்தப் பெயர்.

இதுவரை எந்த ஆட்டத்திலும் உள்ளதுதான். இனி வருவதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒருத்தி தன் கணக்குக்கு மேல் இரண்டு பிடி எடுத்துவிட்டால், அடுத்த ஆட்டத்தில் தோற்றவளின் கையிலிருந்து பார்க்காமல் இரண்டு சீட்டு உருவலாம். பதிலுக்கு அதே இனத்தில் தன் சீட்டைக் கொடுக்க வேண்டும். கொடுப்பார்கள். ராஜாவை எடுத்துக்கொண்டு எட்டைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே தோற்றவள் இன்னும் மோசமான கையோடு ஆட வேண்டும்.

"இது என்ன நியாயம்?" என்று நான் கேட்டேன். நான் வாய்விட்டுக் கேட்ட நியாயமே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதுவும் சீட்டிடம்.

"ஏட்டி, நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போ. இது களியாக்கும்" என்றாள் புஷ்பம். களி என்றால் இங்கே விளையாட்டு. ஆனால் உருவும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ரொம்ப வாடினால், உருவிய சீட்டையே திரும்பக் கொடுத்துவிட்டு, "இந்தா, எனக்கு இது வேண்டாம், கறை பட்டிருக்கு" என்பாள்.

கடையில் எப்படி ஆடினோம் என்றுதானே கேட்கிறீர்கள்? சேலை மடித்துத்தான்.

வாடிக்கையாளர்கள் நாற்பது சேலை பிரிக்கச் சொல்லிவிட்டு, 'வேறெ இல்லையோ' என்று எழுந்து போவார்கள். அந்த நாற்பதையும் மடிக்க வேண்டும். சேலையை இரண்டு பேர் மடிப்போம். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, தள்ளிப் போய், உதறி, பாதியாக்கி, பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம். சேரும் இடத்தில் அவளுடைய பெருவிரலுக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கும். நான் பார்ப்பேன். அடுத்த மடிப்புக்கு வரும்போது என் பெருவிரலுக்கு அடியில் என் சீட்டு. வென்றவள் இரண்டையும் கவுண்டருக்கு அடியிலுள்ள தட்டில் போட்டுக்கொள்வாள். எங்கள் கைச்சீட்டும் அந்தத் தட்டில்தான், ஆளுக்கொரு பெட்டி மூடிக்குள் விரித்து வைத்திருப்போம். ஒரு சேலைக்கு ஒரு பிடி. பதினைந்து சேலையில் ஒரு ஆட்டம். ஓணக் கூட்டத்தில் சாப்பாட்டுக்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். கர்க்கடக மாதத்தில், நம் ஆடியில், ஈ காக்கை வராது. அப்போது தூசி தட்டுகிறோம் என்று நாங்களே பிரித்து நாங்களே மடிப்போம். பகுதியில் எங்கள் சேலைகள்தான் சுத்தமாக இருக்கின்றன என்று ஒரு முறை முதலாளி பாராட்டினார்.

அந்த ஆட்டம் இருந்ததால்தான் பதினொரு மணி நேரம் நிற்க முடிந்தது. கால் வலியை மறக்க என்ன துருப்பு, எத்தனை பிடி என்று மனது வேறெங்கோ இருக்கும். ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள், ஒரு நிமிடம்கூட நாங்கள் உட்கார்ந்து ஆடியதில்லை. சீட்டு குலுக்கிப் போடுவதுகூட மாடி ஸ்டோர் ரூமில் சரக்கு எடுக்கப் போகும்போது, நின்றபடிதான். அங்கேயும் உட்கார ஒன்றும் கிடையாது. கட்டுச் சேலையின் மேல் உட்காருவது குற்றம்.

ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். பக்கத்தில் பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. துருப்பு கிளாவர். புஷ்பம் ஆட்டின் ராஜாவை நீட்டினாள். என் கையில் ஆட்டினில் ஏழு ஒன்றுதான். அதைப் பெருவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன். மாம்பழக் கலர்ப் பட்டு, மெரூன் கரை.

"அதைக் காட்டு, அதைக் காட்டு" என்று பின்னாலிருந்து சூப்பர்வைசர் சாரின் குரல். அவர் நாகர்கோவில்காரர், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடப்பார். எனக்கு விரல் நழுவியது. என் ஆட்டின் ஏழு மடிப்போடு சேலைக்குள் போய்விட்டது. சீட்டு எந்த மடிப்பில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் என் கை தானாக மடித்துக்கொண்டே போனது. பழக்கம் அப்படி. அவர் என் கையிலிருந்து வாங்கி, வந்திருந்தவர்களிடம் முந்தானையை மட்டும் விரித்துக் காட்டினார். அவர்களுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. 'நிச்சயதார்த்தத்துக்கு இதுவே இருக்கட்டும்' என்றார்கள். பில் போட்டார்கள், பெட்டியில் வைத்தார்கள்.

'சார், ஒரு நிமிஷம், மடிப்பு சரியில்லை' என்றால் போதும். ஐந்து வார்த்தை. பெட்டி படியிறங்கிப் போவதை நானும் புஷ்பமும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போட்டே" என்றாள் அவள். போகட்டும் என்று அர்த்தம். "சின்னச் சீட்டுதானே. ராணி போயிருந்தா அழலாம்."

முப்பது இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. அன்று ஹாஸ்டலில் அவள் சேலைப்பெட்டி அட்டையைச் சீட்டு அளவுக்கு வெட்டினாள். என்னிடமிருந்து வாங்கிப் போன சிவப்பு ஸ்டிக்கர் பொட்டில் ஏழு எடுத்து அதில் ஒட்டினாள். மறுநாள் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஏழு பொட்டுச் சீட்டு யார் கையில் வந்தாலும், 'கல்யாணப் பொண்ணு உங்கிட்ட இருக்கா?' என்று கேட்டுக்கொள்வோம்.

நாலாம் நாள் அவர்கள் வந்தார்கள். கோட்டைக்குள் அக்ரகாரத்துக் குடும்பம். முன்னால் வந்த மாமி அந்தச் சீட்டை ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்தார், கையால் தொட மாட்டேன் என்பது போல.

"தட்டுல வெச்சுப் புடவையைப் பிரிக்கறோம், சம்பந்தியாத்துக்காரா அத்தனை பேர் முன்னாடி சீட்டுன்னா விழறது. பொண்ணோட அப்பா ஆடறவரான்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?"

அந்த மாமியின் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. நடுச்சபையில் அவர்கள் தலைகுனிந்தது உண்மை, அதற்குக் காரணம் என் பெருவிரல். முதலாளி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு எங்கள் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். புஷ்பத்தின் பையில் சீட்டுகள் இருந்தன, அந்த அட்டைச் சீட்டோடு. சூப்பர்வைசர் சார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆருக்க சீட்டு?"

"எனக்க சீட்டு, சார்."

"ஆருகூட களிச்ச?"

"தனியாத்தான் சார்."

"ரெண்டு பேரு இல்லாம என்ன களி?"

"தனியாக் களிக்கதும் உண்டு சார். எங்க லயத்துல மழைக்கு எல்லாம் பழகிரும்."

புஷ்பம் வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம், பொட்டு வைப்பதில்லை. அவர் அந்த ஏழு சிவப்புப் பொட்டையும் பார்த்தார். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆளை அனுப்பினால் போதும், இரண்டு பேரை அனுப்பினால் ஓணத்துக்குக் கவுண்டரில் ஆள் இருக்காது. அப்போது அது எனக்கு விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றினார் என்று நன்றியோடு நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

சேலைக்குள் சீட்டு போனது என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தும் காகிதத்தில் வந்தால் கடைக்குச் சீத்தப்பேர், கெட்ட பெயர், என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் வேறு மாதிரி எழுதினார்கள். மலையாளத்தில் நாலு வரி. தங்கபுஷ்பம் என்கிற தொழிலாளி, வேலை நேரத்தில் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்ததை நேரில் கண்டேன். கீழே சாட்சியின் ஒப்பு, அதாவது கையெழுத்து. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீ நல்ல பிள்ளையாக்கும். ஒப்பிடு."

புஷ்பம் எட்டி அந்தக் காகிதத்தைப் படித்தாள். அதுவரை தலை குனிந்திருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சார், சீட்டு களிச்சேன். அது எழுதிக்கோங்க. உட்கார்ந்தேன்னு எழுதாதீங்க. நான் உட்காரல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல சார். மூணு வருஷமா இந்தக் காலு நின்னிருக்கு. உட்கார்ந்தேன்னு எழுதினா எப்படி?" என்னிடம் திரும்பினாள். "நீ சொல்லுட்டி. நான் உட்கார்ந்தேனா?"

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள்தான், ஆனால் மலையாளம் எனக்கு நன்றாக வாசிக்க வரும். வாசிக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை. பேனாவைப் பார்த்தேன். நீலப் பேனா, மூடியில் பல்தடம். அந்த மலையாள வரிகளுக்குக் கீழே தமிழில் என் பெயரை எழுதினேன்.

அவள் என்னைப் பார்க்காமல் கொட்டிய சாமான்களைப் பைக்குள் அள்ளினாள். திட்டியிருக்கலாம். அன்றைக்கே ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பானூருக்கு நடந்தாள் என்று கூட இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். பொன்முடிக்கு ஒன்றிரண்டு பஸ்தான், எது கிடைத்ததோ தெரியாது. அந்த நேரத்தில் நான் மெரூன் கரை சேலைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் புதுப் பெண் ஒருத்தி வந்தாள். என்னோடு சேலை மடித்தாள். முனையை ஏறுக்குமாறாகப் பிடித்தாள் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அந்தக் கடையில் நான் கோபப்பட்டது அந்தப் பாவத்திடம் மட்டும்தான்.

அதன் பிறகும் ஆறு வருடம் அங்கே நின்றேன். நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, ஆபரேஷன் ஆகி, அப்புறம்தான் நின்றது என் நிற்பு. இப்போது வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி, சேலைக்கு ஃபால்ஸ். மெஷின் வாங்கிய வருடம் ஒரு நாள் துணிந்து பொன்முடி பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. மீதியில் வடக்கத்திப் பிள்ளைகள் குடியிருந்தார்கள். ஒரே ஒரு தமிழ்க்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"புஷ்பமா? ஜவுளிக்கடைல சேலை மேல உட்கார்ந்துட்டான்னு நிறுத்தினாங்கல்லா, அவளா? அம்மா போன பொறவு எங்கயோ போய்ட்டா. யாருக்கும் தெரியாது."

என் ஒப்பு மலை ஏறி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நான் திருத்தவில்லை. மனப்பாடம் செய்ததையும் சொல்லவில்லை. 'சரிக்கா' என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

கடையை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். முதலாளி இல்லை. சூப்பர்வைசர் சாரும் இல்லை, இரண்டு வருடம் முன்னால் மாரடைப்பு என்று பேப்பரில் படம் போட்டிருந்தது. படத்தில் நல்ல மனிதர் மாதிரி இருந்தார். அந்த ஸ்டூலைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? இறந்தவரை எழுப்பியா கேட்க முடியும்? சேலையை இப்போது ஒரே ஆள் மேசையில் போட்டு மடிக்கிறார்கள். ஏழு-எட்டு தெரிந்தவர்கள் யாரையும் நான் பிறகு பார்க்கவில்லை. அந்தக் காகிதம் கரையான் தின்றிருக்கும். தின்ற காகிதத்தை நான் எங்கே போய்த் திருத்துவேன்?

அதனால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, புஷ்பம் கேட்டாள். பதில் இது. நான் நேரில் கண்டது: அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தங்கபுஷ்பம் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இடது கால் வீங்கியிருந்ததால் வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். அவள் உட்காரவில்லை.